போர்க்கால விமானப்படைத் தோள் சின்னம்: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

கும்பகோணத்திலோ பாபநாசத்திலோ மன்னார்குடியிலோ ஒரு பழைய வீட்டைப் பாகம் பிரிக்கும்போது பரணிலிருந்து கடைசியாக இறங்குவது பெரும்பாலும் ஒரு தகர டிரங்குப் பெட்டியாகத்தான் இருக்கும். அதற்குள் கிடக்கும் காக்கிச் சட்டைகள் தெருவில் வரும் எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் போய்விடும். காகிதங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். உள்ளங்கை அகலத்தில், இறக்கை விரித்த பறவை ஒன்றைத் தைத்த துணித் துண்டு மட்டும், எறிய மனம் வராமல் யாரோ ஒருவர் கையில் நின்றுவிடும். அந்தத் துண்டு எந்தப் படையுடையது, உண்மையிலேயே போர்க்காலத்தில் தைக்கப்பட்டதா, என்ன விலை பெறும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடும் முறையை இங்கே விளக்குகிறேன்.

இப்படிப்பட்ட பொருள்கள் நம் பகுதியில் கிடைப்பதில் வியப்பில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் விமானத் தளங்கள் இயங்கின. பிரிட்டிஷ் அரச விமானப்படையின் 36ஆம் ஸ்குவாட்ரன் என்னும் விமான அணி 1942 அக்டோபரில் தஞ்சாவூரில்தான் மறுபடி அமைக்கப்பட்டு, வெலிங்டன் விமானங்களில் வங்கக் கடலின் மேல் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் விமானப்படையில் மெக்கானிக்காகவும் வயர்லெஸ் ஆபரேட்டராகவும் எழுத்தராகவும் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் 'மிலிட்டரி டிஸ்போசல்' என்ற பெயரில் படைக்கு வேண்டாமல்போன ஏராளமான சரக்கு சந்தைக்கு வந்தது. ஆகவே டெல்டாப் பெட்டியில் இருக்கும் சின்னம் அந்த வீட்டுக்காரர் தோளில் அணிந்ததாகவும் இருக்கலாம், டிஸ்போசலில் வாங்கிய சட்டையோடு வந்ததாகவும் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு என்பதால், முதலில் பெட்டியில் உள்ள மற்றப் பொருள்களைக் கலைக்காமல் அப்படியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் காண்பதைப் பறவையிலிருந்து தொடங்கலாம். பிரிட்டிஷ் அரச விமானப்படையின் சாதாரணப் படையினர், அதாவது அதிகாரிகள் அல்லாதவர்கள், இரு கைகளின் மேற்பகுதியிலும் தோள் தையலுக்குச் சற்றுக் கீழே ஒரு பறவைச் சின்னத்தை அணிந்தார்கள். அது கழுகா, ஆல்பட்ராஸ் என்னும் கடற்பறவையா என்ற சண்டை அந்தப் படை முகாம்களில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. அதிகாரபூர்வமாக அது கழுகுதான். நீலக் கம்பளிச் சீருடைக்குரியது கருநீலத் துணியின் மேல் வெளிர்நீல நூலால் தைக்கப்பட்டிருக்கும். வெப்ப நாடுகளில் அணிந்த காக்கிச் சட்டைக்குரியது காக்கித் துணியின் மேல் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கும். இந்திய விமானப்படை பதவிப் பெயர்களிலும் சின்னங்களிலும் பிரிட்டிஷ் முறையையே பின்பற்றியது.

இந்த நிற வேறுபாடே ஒரு கதையைச் சொல்லும். சித்திரை வெயிலில் தஞ்சாவூர்த் தளத்தில் யாரும் நீலக் கம்பளி அணிந்து நின்றிருக்க மாட்டார்கள். எனவே டெல்டாப் பெட்டியில் கருநீலக் கம்பளிக் கழுகு கிடைத்தால், அதை அணிந்தவர் பெஷாவர், கோஹாட் போன்ற வடக்குத் தளங்களில் ஒரு குளிர்காலத்தையாவது கழித்திருக்கக்கூடும். காக்கியில் சிவப்புக் கழுகு கிடைத்தால் தென்னிந்தியாவோ இலங்கையோ பர்மா எல்லையோ பொருந்தும். இது முடிவு அன்று, தேடலுக்கு ஒரு திசை மட்டுமே.

கழுகின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள். இந்தச் சின்னங்கள் வலம், இடம் என்று ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாகச் செய்யப்பட்டவை. சட்டையில் தைத்தபின் இரண்டு தலைகளும் முதுகுப் பக்கமாக நோக்கும். ஒரே பக்கம் பார்க்கும் இரண்டு கழுகுகளை 'ஜோடி' என்று யாராவது விற்றால் அது ஜோடி அன்று, இரண்டு தனித்தனிச் சின்னங்கள். ஒரே துணி, ஒரே நூல், ஒரே அளவு வெளுப்பு கொண்ட உண்மையான ஜோடிக்குத்தான் கூடுதல் விலை உண்டு.

கழுகோடு வேறு துண்டுகளும் இருந்தால் அவற்றைப் பிரிக்காதீர்கள். கிடையாக வைத்த இரண்டு இதழ் விமான விசிறி லீடிங் ஏர்கிராஃப்ட்மேன் என்ற நிலையைக் குறிக்கும். V வடிவில் இரண்டு பட்டைகள் கார்ப்பரல், மூன்று பட்டைகள் சார்ஜென்ட், மூன்று பட்டைகளின் மேல் கிரீடம் இருந்தால் ஃப்ளைட் சார்ஜென்ட். மின்னல் கீற்றுகளை இறுகப் பற்றிய கைமுட்டி வயர்லெஸ் பிரிவினருடையது. மூன்று இதழ் விசிறியும், தலைகீழாக அமைந்த பதவிப் பட்டைகளும் போருக்குப் பின் வந்தவை. அவற்றைப் போர்க்காலப் பொருளாக விற்பவரிடம் வாதிட வேண்டாம், நகர்ந்துவிடுவதே நல்லது. வெளிர்நீல எழுத்தில் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து என்று நாட்டுப் பெயர் தாங்கிய வளைந்த பட்டைகள் அந்தந்த நாட்டவர் தோளில் அணிந்தவை. 1942 பிப்ரவரியில் உருவான, பிரிட்டிஷ் விமானத் தளங்களைத் தரையில் நின்று காத்த ரெஜிமென்ட் பிரிவுக்கும் தனிப் பெயர்ப் பட்டை இருந்தது. அதிகாரிகளின் காக்கிச் சட்டையில் தோள்வாரில் செருகும் உறைகள் இருந்தன. கறுப்புக்கு நடுவே வெளிர்நீலம் ஓடும் நாடாவின் எண்ணிக்கையை வைத்துப் பதவியைச் சொல்லலாம்: இரண்டு நாடா ஃப்ளைட் லெஃப்டினன்ட், மூன்று விங் கமாண்டர், நான்கு குரூப் கேப்டன்.

அமெரிக்கச் சின்னங்கள் முற்றிலும் வேறு வகை. அமெரிக்க ராணுவ விமானப்படை 1941 ஜூனில் அமைக்கப்பட்டு, 1947 செப்டம்பரில் தனிப் படையாகப் பிரிந்தது. அந்த இடைக்காலத்துச் சின்னங்களில் நிறம் கொட்டிக் கிடக்கும். மிகப் பரவலானது, கருநீல வட்டத்தில் பொன்னிற இறக்கைகளும், நடுவில் சிவப்புப் புள்ளி வைத்த வெள்ளை நட்சத்திரமும் கொண்டது. எண் பெற்ற விமானப்படைகளுக்குத் தனித்தனிச் சின்னங்கள் உண்டு. எட்டாம் படைக்கு இறக்கை முளைத்த 8, பதினான்காம் படைக்கு நட்சத்திரத்தின் கீழ் இறக்கையோடு பாயும் புலி. சீனம், பர்மா, இந்தியா ஆகிய மூன்றையும் சேர்த்த போர்முனையில் பணியாற்றியவர்கள் ஒரு கேடயச் சின்னம் அணிந்தார்கள்: மேலே நீலப் பட்டையில் ஒரு பக்கம் சீனச் சூரியன், மறுபக்கம் இந்தியாவைக் குறிக்கும் நட்சத்திரம், கீழே சிவப்பும் வெள்ளையுமான செங்குத்துக் கோடுகள். இந்தக் கேடயத்தைத்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். காரணம் பின்னால் வரும். நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் 1944இல் டெல்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. அதைச் சார்ந்த முப்படையினரும் அணிந்த சின்னத்தில் நெருப்பிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையைக் காணலாம்.

சிவப்பு, வெள்ளை, நீல வட்டங்கள் கொண்ட துணிச் சின்னம் ஒன்று அடிக்கடி 'போர்க்கால விமானப்படை பேட்ஜ்' என்று விற்கப்படுகிறது. அந்த வட்டம் விமானத்தின் உடலில் தீட்டியது. தோளில் அணியும் சின்னம் அன்று. 1960களின் பிரிட்டிஷ் இளைஞர் நாகரிகத்தில் அது ஒரு அலங்காரமாகப் பரவியது. நீங்கள் பார்ப்பது அந்த வழியில் வந்ததாகவே இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் முன்பக்கம். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் படம் பார்த்துத் தைத்துவிட முடியும். சின்னத்தைத் திருப்புங்கள், காலத்தைச் சொல்வது பின்பக்கமே. நம் பகுதியில் பட்டுப்புடவை வாங்கும் பெண்கள் முந்தானையைப் புரட்டிப் பின்பக்க நூலோட்டத்தைப் பார்த்த பிறகுதான் விலை கேட்பார்கள். அந்தப் பழக்கம் உள்ள கண்ணுக்கு இந்த வேலை புதிதன்று.

நகைக்கடையில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்று, ஒரு அளவுகோல் ஆகியவை போதும். முதலில் விளிம்பு. போர்க்கால அமெரிக்கச் சின்னங்கள் தறி எம்பிராய்டரியாகத் தைத்து, வெட்டி எடுக்கப்பட்டவை; அவற்றின் ஓரம் தட்டையாக, சில இடங்களில் நூல் பிசிறோடு இருக்கும். கயிறு சுற்றியதுபோல் தடித்த ஓவர்லாக் விளிம்பு 1960களில்தான் பரவலானது. அத்தகைய விளிம்பு இருந்தால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை. பின்னால் பிளாஸ்டிக் பசைப் படலமோ, ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோவோ இருந்தாலும் அப்படியே. பிரிட்டிஷ் சின்னங்களின் பின்னால் கஞ்சி போட்டு விறைத்த மெல்லிய வலைத்துணி இருக்கலாம். போரில் நூலையும் ஆள் உழைப்பையும் மிச்சப்படுத்த, எம்பிராய்டரிக்குப் பதிலாகப் பருத்தித் துணியில் நிறம் அச்சிட்ட சின்னங்களையும் பிரிட்டிஷார் செய்தார்கள். அச்சுத்தானே என்று அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்து, இருட்டறையில் புற ஊதா ஒளி. துணியைப் பளீரென வெண்மையாகக் காட்டும் வேதிப்பொருள்களும் செயற்கை நூல்களும் போருக்குப் பிறகே பெருவழக்காயின. அதனால் நீலவெள்ளையாக ஒளிரும் நூலைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: பழைய பருத்திச் சின்னத்தை இன்றைய சோப்புத்தூளில் யாரேனும் ஒருமுறை துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஒளிர்ந்தது என்பதால் மட்டும் போலி என்றும், ஒளிரவில்லை என்பதால் மட்டும் அசல் என்றும் சொல்லக் கூடாது. ஐயம் நீங்காவிட்டால், பின்பக்கம் ஏற்கெனவே தொங்கும் ஒரே ஒரு நூலிழையைச் சாமணத்தால் பிடித்து நெருப்பில் காட்டலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி மயிர் பொசுங்கும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். தொங்கும் இழை இல்லையென்றால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள், சின்னத்திலிருந்து உருவாதீர்கள்.

பயன்பட்ட சின்னத்துக்கு உடலில் தழும்புகள் உண்டு. ஓரத்தில் தையல் ஊசித் துளைகள் இருக்கும். சில வேளைகளில் இரண்டு வரிசை இருக்கும், ஏனெனில் சட்டை மாறியபோது சின்னமும் மாற்றித் தைக்கப்பட்டது. முன்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும். பின்பக்கம், வெயில் படாததால், பழைய நிறத்தோடு இருக்கும். போலி செய்பவர்கள் புதுத் துணியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பாக்குவார்கள். அந்தப் பழுப்பு முன்னும் பின்னும் மடிப்புக்குள்ளும் ஒரே அளவாகப் படிந்திருக்கும். காலம் அவ்வளவு சமமாகச் சாயம் போடாது. அந்துப்பூச்சி அரித்த ஓட்டை கம்பளியில் இயல்பு. பூச்சி கம்பளியைத் தின்றுவிட்டுப் பருத்தி எம்பிராய்டரியை விட்டுவைத்திருந்தால் அது விலையைக் குறைக்கும், நம்பிக்கையைக் கூட்டும்.

இனி ஜரிகைக்கு வருகிறேன். முன்பு சொன்ன கேடயச் சின்னத்தை இந்தியாவில் இருந்த அமெரிக்கர்கள் தங்கள் அரசு தந்த வடிவில் மட்டும் அணியவில்லை. உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்து, வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் தோலாலும் விதவிதமாகச் செய்து வாங்கினார்கள். சேகரிப்பாளர்கள் தொழிற்சாலைச் சின்னத்தைவிட இந்த நாட்டுக் கைவேலையைத்தான் விரும்பித் தேடுகிறார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இராது. அளவும் கோடுகளின் எண்ணிக்கையும்கூட மாறும். ஆகவே 'சரியான வடிவத்தில் இல்லை' என்பது இங்கே குறையன்று.

ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவர்கள் ஜர்தோசி என்று அழைக்கும் ஸ்பிரிங் போன்ற சுருள் கம்பியை இந்தச் சின்னங்களில் காணலாம். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, மணி கோப்பதுபோல் ஊசியில் கோத்து, அட்டை அல்லது பருத்தித் திண்டின் மேல் வைத்துத் தைத்திருப்பார்கள். பழைய கம்பியில் வெள்ளி இருக்கும். காற்றிலுள்ள கந்தகம் பட்டு அது கறுக்கும், குழிகளில் அதிகமாகவும் மேடுகளில் குறைவாகவும். இன்று செய்யும் மலிவான கம்பி செம்பை அடிப்படையாகக் கொண்டது. அது நாளடைவில் பச்சைக் களிம்பு பிடிக்கும். திருபுவனத்தில் பட்டு நெய்பவரிடமோ பழைய ஜரிகை வாங்குபவரிடமோ காட்டினால் வெள்ளியா செம்பா என்பதை நொடியில் சொல்லிவிடுவார். உரைகல்லில் தேய்க்க வேண்டுமானால் உதிர்ந்து கிடக்கும் துணுக்கை மட்டும் கொடுங்கள். ஆனால் அவரிடம் விலை கேட்காதீர்கள். அவருக்கு அது உருக்கி எடுக்கும் சில மில்லிகிராம் வெள்ளி, அவ்வளவுதான்.

வெள்ளியென்றே தெரிந்தாலும் அது போர்க்காலத்தது என்று ஆகிவிடாது. பாகிஸ்தானின் சியால்கோட்டில் கம்பி எம்பிராய்டரிப் பேட்ஜுகள் இன்றும் ஏற்றுமதிக்குப் பெருமளவில் தைக்கப்படுகின்றன. புதியவற்றின் பின்பக்கம் சுத்தமான கறுப்புத் துணியோடு ஒழுங்காக இருக்கும். பழையவற்றில் முடிச்சுகள், மெழுகு நூல், பழுப்பேறிய காகிதம் என்று கைத்தடம் தெரியும்.

எழுத்தும் கிரீடமும் காலத்தை நெருக்கிக் காட்டும். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று தோன்றியது. 1945 மார்ச்சில் 'ராயல்' என்ற அடைமொழி சேர்ந்தது. 1950 ஜனவரி 26 அன்று குடியரசானபோது அது நீங்கியது. 'ராயல் இந்தியன்' என்று குறிக்கும் முன்னெழுத்துகள் கொண்ட சின்னத்தை விற்பவர்கள் உடனே 'உலகப் போர்' என்பார்கள். அந்த அடைமொழி இருந்த ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் போர் நடந்தது முதல் ஐந்து மாதங்கள்தான். மீதிக்காலத்தில் பிரிவினையும் 1947-48 காஷ்மீர்ப் போரும் வருகின்றன. அதுவும் மதிப்புள்ள காலமே. ஆனால் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். கிரீடத்தில், மேல் வளைவு உருண்டு உயர்ந்திருந்தால் மன்னர் காலத்தது, நடுவில் குழிந்திருந்தால் 1950களில் எலிசபெத் அரசியின் காலத்தில் வந்தது என்பது பழைய பாடம். மூன்றாம் சார்ல்ஸ் 2022இல் பதவிக்கு வந்தபின் உருண்ட கிரீடத்தையே மறுபடி தேர்ந்தெடுத்ததால், புத்தம்புதுச் சின்னங்களிலும் இப்போது அது காணப்படுகிறது. கிரீடத்தை மட்டும் நம்பி பணம் கொடுக்க வேண்டாம்.

விலை மதிப்பதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. தொழிற்சாலையில் பெருவாரியாகச் செய்த அமெரிக்க நட்சத்திரச் சின்னம் எண்பது ஆண்டு பழையதானாலும் அமெரிக்காவில் சில டாலர் முதல் இருபது டாலர் வரையில்தான் போகும். பழமை மட்டும் விலையாகாது. இந்தியாவில் கையால் செய்த நல்ல வெள்ளிக் கம்பிக் கேடயம் நூறு டாலரைத் தாண்டுவதும் உண்டு. புலிச் சின்னம் கவர்ச்சியால் விலை உயர்ந்தது. அதே கவர்ச்சியால் போலியும் மிகுந்தது. காக்கித் துணியில் சிவப்புக் கழுகு தனியாக இருந்தால் எளிய பொருள். ஜோடியாக, அதை அணிந்தவருக்குப் படையிலிருந்து விடுவிக்கும்போது தந்த பணிவிடுப்புப் புத்தகத்தோடும் ஒரு புகைப்படத்தோடும் இருந்தால் வேறு பொருள். இணைய ஏலங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் தேடி, ஒரே வகையில் ஐந்தாறு விற்பனைகளைக் குறித்து, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நானே ஒரு தவறு செய்தேன். கல்லூரி நாள்களில், என் பெரிய தாத்தாவின் காக்கிச் சட்டையிலிருந்து கழுகுகளைப் பிளேடால் பிரித்தெடுத்து, தபால்தலை ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டினேன். சட்டையைப் பாட்டி அடுப்படித் துணியாக்கிவிட்டார். பல ஆண்டுகள் கழித்துத் திருச்சியில் ஒரு சேகரிப்பாளரிடம் ஆல்பத்தைக் காட்டியபோது, அவர் கழுகைப் பார்க்காமல் "சட்டை எங்கே?" என்றுதான் கேட்டார். கழுகுகள் இன்றும் என்னிடம் உள்ளன. பசைக்கறை பின்பக்கத்தை மூடிவிட்டதால் நான் இங்கே சொல்லும் சோதனைகளில் பாதியை அவற்றின்மேல் செய்யவே முடியாது.

ஆகவே சட்டையில் தைத்தபடி இருந்தால் அப்படியே விடுங்கள். துவைக்க வேண்டாம், சிவப்பு நூல் சாயம் விடும், கஞ்சிப் பின்துணி கரையும். இஸ்திரி போட்டால் கம்பி நசுங்கும். கறுத்த வெள்ளியைப் புளியோ விபூதியோ போட்டுத் துலக்கக் கூடாது. குத்துவிளக்குக்குச் செய்யும் மரியாதை இதற்கு ஆகாது. எதைக் கண்டாலும் லேமினேஷன் செய்யும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தச் சூட்டில் சின்னம் நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் ஈரம் இரும்புப் பெட்டிக்குள்ளும் புகும். கஞ்சியில்லாமல் பலமுறை துவைத்த பழைய வேட்டித் துண்டில் சின்னத்தைத் தட்டையாகச் சுற்றி, மூடியுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். பாச்சை உருண்டைக்குப் பதிலாக, ஏட்டுச்சுவடிக்கு வைப்பதுபோல் வசம்பைத் தனித் துணியில் முடிந்து, சின்னத்தில் படாமல் ஓரமாக வைக்கலாம். பங்குனியில் ஒருநாள் நிழலில் காற்றாட விட்டுப் பூச்சி பாருங்கள்.

சட்டத்தைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இத்தகைய பொருள்களுக்கு நூறு ஆண்டு எல்லையை வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்ச் சின்னங்கள் அந்த வயதை இன்னும் எட்டவில்லை. விமானப்படையினர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு சின்னத்தை அணிவது மட்டும் குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவில் இருக்கிறது.

கடைசி வேலை ஒரு சீட்டு எழுதுவது. பென்சிலால், தனித் தாளில், இப்படி எழுதிச் சின்னத்தோடு வையுங்கள்: 'காக்கியில் சிவப்புக் கழுகு, ஜோடி. வெளுத்த முன்பக்கம், இரண்டு வரிசைத் துளைகள். வடக்கு வீதி வீட்டுப் பரணில், பச்சை டிரங்கில், பணிவிடுப்புப் புத்தகத்தின் அடியில் இருந்தது. அணிந்தவர் அம்மாவின் சித்தப்பா. வயர்லெஸ் வேலை என்று அத்தை சொன்னார்.' அத்தை சொன்னதை அத்தை சொன்னதாகவே எழுதுங்கள். நீங்கள் கண்ணால் கண்டதோடு கலக்காதீர்கள். சொன்ன நாளையும் குறித்துவிடுங்கள்.